வாராவாரம் அந்த ஊசி போடணுமா? முதல்ல பழைய ஃபைலை எடுங்க

இந்த தடவை பதில் எழுதுற கடிதம் குலசேகரம் பக்கத்துலருந்து வந்தது, ஆள் யாருன்னு தெரிஞ்சிடக் கூடாதுன்னு ஒண்ணு ரெண்டு விவரம் மாத்திருக்கேன். எழுதினவங்களுக்கு 29 வயசு, வீட்டுக்காரர் மஸ்கட்ல, வீட்டுல மாமியாரும் ரெண்டரை வயசு மகளும். அந்த மக 33 வாரத்துலயே சிசேரியன்ல பொறந்து மூணு வாரம் என்ஐசியூவுல கிடந்தவ, இப்ப நல்லா ஓடி விளையாடுறா. இப்ப ரெண்டாவது உண்டாகி 14 வாரம் ஆகுது. நாகர்கோவில்ல பாக்குற டாக்டர் போன பிள்ளை குறைமாசம்னு கேட்டதும் வாராவாரம் இடுப்புல ஒரு ஹார்மோன் ஊசியும் முழு பெட் ரெஸ்ட்டும் எழுதிட்டாங்க, ரெண்டு ஊசி போட்டாச்சு. அக்கா சொன்னாங்கன்னு திருவனந்தபுரத்துல இன்னொரு டாக்டர்ட்ட காட்டினா, அவங்க ஊசியும் வேண்டாம் ரெஸ்ட்டும் வேண்டாம், 20 வாரத்துல உள் ஸ்கேன் பண்ணி கர்ப்பப்பை வாய் எவ்வளவு நீளம் இருக்குன்னு பாப்போம்னு அனுப்பிட்டாங்க. ராத்திரி ஃபோனை எடுத்து தேடினா அந்த ஊசியை அமெரிக்காவுல தடை பண்ணிட்டாங்கன்னு வருது. மாமியாரோ "எனக்க மூத்த மவளுக்கு அந்த ஊசி போட்டுத்தான் பிள்ளை தங்கிச்சு, நீ பைய படுத்து கிட"ங்கறாங்க. மைனி நர்ஸ், அவங்க 28 வாரத்துல லங்ஸ் ஊசி ஒண்ணு போட்டுக்கோ, எதுக்கும் பயப்பட வேண்டாங்கறாங்க.

கேள்வி இதுதான். ரெண்டு டாக்டர்ல யாரு பொய் சொல்றாங்க, போட்ட ஊசி விஷமா, உள் ஸ்கேன் பண்ணினா கலைஞ்சிடுமா, முதல் டாக்டர் மேல கேஸ் போடலாமா. அதெல்லாம் எழுதி முடிச்சிட்டு கடைசியில போற போக்குல ஒரு வரி: "போன தடவை எட்டாம் மாசம் கால் எல்லாம் வீங்கிச்சு, யூரின்ல உப்பு போகுது பிரஷர் 170ன்னு சொல்லி ராத்திரியோட ராத்திரியா ஆபரேஷன் பண்ணிட்டாங்க, அதனால இந்த தடவை முதல்லயே உப்பை நிப்பாட்டிட்டேன், சரிதானே டாக்டர்?"

மக்ளே, உங்க மெயில் முழுசையும் படிச்சிட்டு அந்த கடைசி வரியில வந்து நின்னுட்டேன். நீங்க கேட்ட கேள்வியை எல்லாம் விட அந்த வரிதான் முக்கியம், அது நாள் தள்ளிப் போடுற விஷயமும் இல்ல, அதனாலதான் இந்த பதில் அச்சுக்கு போறதுக்கு முன்னாடியே உங்களுக்கு தனியா சுருக்கமா எழுதிட்டேன். இங்க விரிவா எழுதுறது உங்களை மாதிரியே ரெண்டு சீட்டை கையில வச்சிக்கிட்டு முழிக்கிறவங்க நிறைய பேர் இருக்காங்கங்கறதுக்காக.

குறைமாசம் எல்லாம் ஒரே வகை கிடையாது

குறைமாசத்துல பிள்ளை பிறக்குறதுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, தானா வலி வந்தோ பனிக்குடம் உடைஞ்சோ பிறக்குறது. இன்னொண்ணு, தாய்க்கோ பிள்ளைக்கோ ஆபத்துன்னு டாக்டரே முன்கூட்டி எடுக்குறது. உங்களுக்கு வலியே வரல, பிரஷர் 170 ஏறி யூரின்ல புரதமும் போனதால எடுத்திருக்காங்க, நீங்க எழுதினதை வச்சுப் பாத்தா அது ப்ரீ எக்லாம்ப்சியா, அதாவது கர்ப்பத்துல பிரஷர் ஏறி உடம்பைப் பாதிக்கிற நோய். (யூரின்ல உப்புன்னு நம்ம ஊர்ல சொல்றது உண்மையில உப்பே கிடையாது, ஆல்புமின்ங்கற புரதம். அந்தக் காலத்துல யாரோ அப்படி பேர் வச்சிட்டாங்க, அதைக் கேட்டுட்டு எத்தனையோ பேர் உப்பில்லாத கஞ்சியை கண்ணை மூடிக்கிட்டு குடிக்கிறாங்க. கர்ப்பத்துல உப்பைக் குறைச்சா இந்த நோய் வராம இருக்கும்னு ஆராய்ச்சியில நிரூபணம் ஆகல, நீங்க எல்லாரையும் போல அளவா உப்பு போட்டே சாப்பிடுங்க.)

நாகர்கோவில் டாக்டர்ட்ட என்ன சொன்னீங்க? "முதல் பிள்ளை குறைமாசம், 33 வாரம்" அவ்வளவுதான். திருவனந்தபுரத்துலயும் அதேதான். பழைய ஃபைலை ரெண்டு இடத்துக்கும் கொண்டு போகல, அது அம்மா வீட்டு அலமாரில இருக்குன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. ரெண்டு பேரும் தானா வலி வந்து பிறந்த பிள்ளைன்னு நினைச்சுதான் பேசியிருக்காங்க. அதனால ரெண்டு பேரும் பொய் சொல்லல, ஆனா ரெண்டு பேர் சொன்னதும் உங்களுக்கான பதில் இல்ல. அவங்க தோண்டிக் கேட்டிருக்கணும்ங்கறது என் கருத்து, ஒரு நாளைக்கு எழுபது எண்பது பேர் பாக்குற ஓபியில அது எப்படி விட்டுப் போகும்னும் எனக்குத் தெரியும்.

அந்த ஊசிக்கு என்ன ஆச்சு

நீங்க போட்டது ஹைட்ராக்சி புரோஜெஸ்டிரோன் கேப்ரோயேட், எண்ணெய் மாதிரி இருக்கும், போட்ட இடம் ரெண்டு நாளைக்கு கட்டியா நிக்கும். 2003-ல அமெரிக்காவுல 463 பேரை வச்சு ஒரு ஆராய்ச்சி வந்தது, முன்னாடி தானா குறைமாசத்துல பெத்தவங்களுக்கு இந்த ஊசி போட்டா மறுபடி குறைமாசம் ஆகுறது நல்லா குறையுதுன்னு. நாங்க எல்லாரும் சந்தோஷமா எழுத ஆரம்பிச்சோம், நானும்தான். 2011-ல அமெரிக்காவுல மருந்துக்கு அனுமதி குடுக்குற எஃப்டிஏ, இன்னொரு ஆராய்ச்சி பண்ணி உறுதிப்படுத்தணும்னு கண்டிஷன் போட்டு அனுமதி குடுத்தது. அந்த ரெண்டாவது ஆராய்ச்சி 1,708 பேரை வச்சு பல நாட்டுல நடந்து 2019-ல வெளிவந்தது. 35 வாரத்துக்கு முன்னாடி பெத்தவங்க, ஊசி போட்டதுல 100-க்கு 11 பேர், மருந்தே இல்லாத வெறும் ஊசி போட்டதுல 100-க்கு பதினொன்றரை. அதாவது வித்தியாசம் இல்ல. 2023 ஏப்ரல்ல அனுமதியை திரும்ப வாங்கிட்டாங்க. ஃபோன்ல நீங்க பாத்த "தடை" இதுதான், பலன் இல்லன்னு நிறுத்தினது. விஷம்னு அர்த்தம் இல்ல, நீங்க போட்ட ரெண்டு ஊசியை நினைச்சு ராத்திரி தூங்காம கிடக்காதீங்க. அடுத்த ஊசிக்கு போறதுக்கு முன்னாடி மட்டும் டாக்டர்ட்ட பேசிடுங்க.

இன்னொண்ணும் கவனிங்க, அந்த ரெண்டு ஆராய்ச்சியிலயும் சேர்த்தது தானா வலி வந்து குறைமாசத்துல பெத்தவங்களை மட்டும்தான். பிரஷருக்காக எடுத்த உங்களை மாதிரி ஆள் அந்தக் கணக்குல கிடையாது. ஊசி பலன் குடுத்திருந்தாக்கூட அது உங்களுக்கு எழுதின ஊசி இல்ல.

இப்ப மாமியார் விஷயம். அவங்க மேல கோவப்படாதீங்க, மகளுக்கு ஊசி போட்டாங்க, பிள்ளை நல்லா பொறந்தது, கண்ணால கண்டதைத்தான் சொல்றாங்க. ஆனா மேல சொன்ன கணக்கை திருப்பிப் பாருங்க, வெறும் ஊசி போட்டவங்கள்லயே 100-ல 88 பேர் 35 வாரம் தாண்டிட்டாங்க. அந்த 88 பேரோட மாமியார் ஒவ்வொருத்தர்ட்டயும் கேட்டா ஊசியாலதான் பிள்ளை தங்கிச்சுன்னு சத்தியம் பண்ணுவாங்க! எதிர்ல ஊசி போடாத ஒரு கூட்டத்தை நிறுத்திப் பாக்காம எது ஊசியோட வேலை எது கடவுளோட வேலைன்னு டாக்டருக்கே தெரியாது. இதுல டாக்டர்கள் மாமியார்களை விட மோசமா ஏமாந்திருக்கோம். 1940-கள்லருந்து அமெரிக்காவுல கர்ப்பம் கலையாம இருக்க டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால்னு ஒரு ஹார்மோன் மாத்திரை குடுத்தாங்க. 1953-லயே சிக்காகோவுல மாத்திரை சாப்பிட்டவங்களையும் சாப்பிடாதவங்களையும் ஒப்பிட்டு இதால பிரயோஜனம் இல்லன்னு காட்டிட்டாங்க, ஆனாலும் எழுதுற கை நிக்கல. 1971-ல அந்த அம்மாக்களோட பொண்ணுங்க சிலருக்கு சின்ன வயசுலயே பிறப்புறுப்புல அபூர்வமான கேன்சர் வந்தது தெரிஞ்ச பிறகுதான் நிப்பாட்டினாங்க. (உங்க ஊசி இது இல்ல, பயப்படாதீங்க.) 1979-ல ஆர்ச்சி காக்ரன்னு ஒரு பிரிட்டிஷ் டாக்டர், ஆதாரத்தைப் பாத்து வைத்தியம் பண்றதுல மகப்பேறு துறைக்குத்தான் கடைசி இடம், மர அகப்பை பரிசு குடுக்கணும்னு கிண்டல் பண்ணினார், வாங்கிக் கட்டிக்க வேண்டியதுதான். அதுக்குப் பிறகு எங்க துறை ஆளுங்கதான் முதல்ல முழிச்சிக்கிட்டு உலகத்துல எங்க எங்கயோ கிடந்த பிரசவ ஆராய்ச்சியை எல்லாம் ஒண்ணு சேத்தாங்க, 1993-ல அவர் பேர்லயே, எல்லா வைத்தியத்துக்கும் ஆராய்ச்சியை ஒண்ணு சேத்துப் பாக்குற காக்ரன் அமைப்பு வந்தது.

படுத்துக் கிடக்குறது சும்மா இல்ல

பெட் ரெஸ்ட்டால நல்லது நடக்காட்டியும் கெட்டது என்ன ஆகப்போகுதுன்னு எல்லாரும் நினைக்கிறோம். குறைமாசப் பிரசவத்தை அது தடுக்குதுன்னு காட்டுற ஆராய்ச்சி கிடையாது, ப்ரீ எக்லாம்ப்சியாவை படுக்கை தடுக்கும்னும் நிரூபணம் ஆகல. மாறா கர்ப்பத்துல ரத்தம் சாதாரணத்தை விட சீக்கிரம் உறையும், காலை ஆட்டாம கிடந்தா கெண்டைக்கால்ல ரத்தக்கட்டி வர்ற வாய்ப்பு இன்னும் கூடும், தசை இளைக்கும், மனசும் இருண்டு போகும்.

நான் மேல்படிப்பு படிச்சப்ப வார்டுல ஒரு அம்மா, ரெண்டு மாசம் முழு ரெஸ்ட், கட்டிலோட கால்மாட்டுல ரெண்டு செங்கல் வச்சு உயர்த்திருப்போம். தினமும் காலையில நான்தான் "ரெஸ்ட் தொடரவும்"னு கேஸ் ஷீட்ல எழுதுவேன். ஒரு நாள் இடது கால் மட்டும் வலிக்குதுன்னாங்க, போர்வையை விலக்கிப் பாத்தா அந்தக் கால் வலது காலை விட தடியா, தொட்டா சூடா, சிவந்து போய் இருக்கு. ரத்தக்கட்டி. அவங்க பிழைச்சாங்க, பிள்ளையும் பிழைச்சது, ஆனா செங்கல் வச்ச கட்டிலை எங்க பாத்தாலும் இன்னைக்கும் எனக்கு அந்தக் கால்தான் ஞாபகம் வரும். அதுக்குப் பிறகும் நாலஞ்சு வருஷம் நான் பெட் ரெஸ்ட் எழுதிட்டுதான் இருந்தேன்ங்கறதையும் சொல்லிடுறேன், பழக்கம் அப்படி.

நீங்க வீட்டு வேலை பாருங்க, நடங்க, பகல்ல அசதியா இருந்தா ஒரு மணி நேரம் படுங்க. ரப்பர் பால் வாளி தூக்குறது, கிணத்துல தண்ணி இறைக்கிறது மாதிரி பாரமான வேலை மட்டும் வேற யாராவது பாக்கட்டும்.

நீங்க கேக்க வேண்டிய மாத்திரை ஆஸ்பிரின்

33 வாரத்துல ப்ரீ எக்லாம்ப்சியாவுக்காக பிள்ளையை எடுத்தவங்களுக்கு அடுத்த தடவையும் அது வர மூணுல ஒருத்தர் வரை வாய்ப்பு இருக்கு. இதைக் குறைக்கிறதுக்கு நல்ல ஆதாரம் இருக்குற மருந்து, நெஞ்சுவலிக்காரங்க சாப்பிடுற அதே குட்டி ஆஸ்பிரின். இதுக்கும் ஒரு கதை உண்டு. 1994-ல 9,364 பேரை வச்சு 60 மில்லிகிராம் குடுத்துப் பாத்த பெரிய ஆராய்ச்சியில பெருசா பலன் தெரியல, ஆஸ்பிரின் அவ்வளவுதான்னு பல பேர் மூடி வச்சாங்க. அதுல 12 வாரத்துலருந்து 32 வாரம் வரை எப்ப வேணும்னாலும் ஆரம்பிச்சவங்க எல்லாரும் கலந்து இருந்தாங்க. பிறகு அளவைக் கூட்டி, சீக்கிரமே ஆரம்பிச்சு, ரிஸ்க் அதிகம் இருக்கறவங்களை மட்டும் தேர்ந்தெடுத்து 2017-ல 1,776 பேர்ட்ட பண்ணினாங்க, ராத்திரி 150 மில்லிகிராம், 11-14 வாரத்துல ஆரம்பிச்சு 36 வாரம் வரை. 37 வாரத்துக்கு முன்னாடியே பிரசவம் பாக்க வைக்கிற அளவு ப்ரீ எக்லாம்ப்சியா, வெறும் மாத்திரை சாப்பிட்டவங்கள்ல ஆயிரத்துக்கு 43 பேருக்கு வந்தது, ஆஸ்பிரின் சாப்பிட்டவங்கள்ல 16. முழுசா நின்னுடல, ஆனா நல்லாவே குறைஞ்சிருக்கு.

16 வாரத்துக்கு முன்னாடி ஆரம்பிச்சாத்தான் நல்லது, உங்களுக்கு இப்ப 14. அதனாலதான் அவசரமா தனியா எழுதினேன். ஆனா மெடிக்கல் ஷாப்புல நீங்களா வாங்கிப் போட்டுடாதீங்க, ஆஸ்பிரின் சேராதவங்க, அல்சர் இருக்கறவங்க, சில வகை ஆஸ்துமா இருக்கறவங்களுக்கு ஒத்துக்காது, அளவையும் டாக்டர்தான் சொல்லணும். கூடவே கால்சியம். நம்மள்ல பல பேர் பால் தயிர் குறைவாத்தான் சாப்பிடுறோம், கால்சியம் சேர்த்துக்கிட்டா பிரஷர் பிரச்சனை குறையும்னு ஆதாரம் இருக்கு. எவ்வளவுங்கறதுல 2024-ல பெங்களூர்லயும் தான்சானியாவுலயும் நடந்த ஆராய்ச்சி வெளிவந்தது, ஒரு நாளைக்கு 500 மில்லிகிராம் சாப்பிட்டாலே 1,500-க்கு குறைச்சல் இல்லாத பலன்னு பெங்களூர் கணக்கு காட்டிச்சு, அது முதல் பிரசவக்காரங்கள்ட்ட பண்ணினது. கால்சியத்தையும் இரும்புச்சத்து மாத்திரையையும் ஒண்ணா விழுங்காதீங்க, ஒண்ணு காலையில ஒண்ணு ராத்திரி.

உள் ஸ்கேன் பத்தி ஒரே வரிதான், அதால கர்ப்பம் கலையாது. 20 வாரத்துல பிள்ளையோட உறுப்பு எல்லாம் பாக்குற ஸ்கேன் எப்படியும் உண்டு, அதோட பாத்துக்கலாம். திருவனந்தபுரம் டாக்டர் சொன்னது தப்பில்ல, அது தானா குறைமாச வலி வருமான்னு பாக்குறதுக்கு, உங்க முக்கிய பிரச்சனை அங்க இல்லங்கறதுதான்.

மைனி சொன்ன லங்ஸ் ஊசி

இது குறைமாசப் பிள்ளையோட நுரையீரலை முதிர வைக்கிற ஸ்டீராய்டு ஊசி, எங்க துறையோட பெருமைன்னே சொல்லலாம். நியூசிலாந்துல லிக்கின்ஸ்னு ஒரு டாக்டர் ஆட்டை வச்சு ஆராய்ச்சி பண்ணும்போது, நாள் ஆகாம பொறந்த குட்டி மூச்சு விடுறதைப் பாத்து ஆச்சரியப்பட்டு, பிறகு ஹவிங்கற குழந்தை டாக்டரோட சேந்து 1972-ல மனுஷங்கள்ட்ட பண்ணிக் காட்டினார். அதுக்குப் பிறகு ஏழெட்டு ஆராய்ச்சி வந்தும் டாக்டர்கள் இருபது வருஷம் அசையல, காக்ரன் அமைப்போட சின்னத்துலயே இந்த ஊசியோட கணக்கைத்தான் கோடு கோடா வரைஞ்சு வச்சிருக்காங்க, மறக்கக் கூடாதுன்னு.

ஆனா மைனி நினைக்கிற மாதிரி இது முன்கூட்டி போட்டு வைக்கிற டானிக் இல்ல. இன்னும் சில நாள்ல, அதாவது ஒரு வாரத்துக்குள்ள, குறைமாசப் பிரசவம் ஆகப்போகுதுன்னு உறுதியா தெரியும்போது போட்டாத்தான் பலன். இந்தியாவும் சேர்ந்து ஆறு நாட்டுல, வசதி குறைஞ்ச இடங்கள்ல பரவலா இதைப் போட்டுப் பாத்து 2015-ல முடிவு வந்தப்ப, மொத்தமா பாத்தா பச்சைப் பிள்ளை சாவு குறையல, கொஞ்சம் கூடிப் போச்சு. பெரிய அதிர்ச்சி அது. அப்புறம் உலக சுகாதார நிறுவனம் இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், கென்யா, நைஜீரியாவுல நல்ல வசதியுள்ள 29 ஆஸ்பத்திரில, ஸ்கேன் பண்ணி வாரத்தை உறுதிப்படுத்தி, உண்மையிலேயே பிரசவம் நெருங்கின 2,852 பேர்ட்ட பண்ணினாங்க, 2020-ல வெளிவந்தது. அதுல பிள்ளைகள் சாவு 100-க்கு இருபத்து மூணரைலருந்து இருபதுக்கு கிட்ட இறங்கிச்சு, பலன் தெளிவா தெரிஞ்சதால பாதியிலயே நிப்பாட்டினாங்க. ரெண்டுலயும் அதே ஸ்டீராய்டுதான், யாருக்கு எப்ப எங்க போட்டாங்கங்கறதுதான் வேற. மைனிட்ட இதைக் காட்டுங்க, நர்ஸ்னா அவங்களுக்கு பிடிக்கும்.

கேஸ் போடலாமா

வேண்டாம். ஒரு டாக்டர் ஒரு மருந்து எழுதி இன்னொருத்தர் வேண்டாம்னா அது சட்டப்படி அலட்சியம் ஆகிடாது, உங்களுக்கு கெடுதலும் நடக்கல. அந்த சக்தியை உங்க உரிமையை வாங்குறதுல செலவழிங்க. போன பிரசவத்தோட கேஸ் ரெக்கார்டை எழுத்துல கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள குடுக்கணும்னு 2002-ல வந்த மருத்துவ கவுன்சில் விதி சொல்லுது. அதுல பிரஷர் எவ்வளவு, ரத்தப் பரிசோதனை என்ன, கர்ப்பப்பையை எந்தப் பக்கம் கீறினாங்க எல்லாம் இருக்கும். கடைசி விஷயம், இந்த தடவை சுகப்பிரசவத்துக்கு முயற்சி பண்ணலாமாங்கறதுக்கு வேணும். கீழ்ப்பக்கம் குறுக்கா கீறின ஒரே ஒரு சிசேரியன்னா, முயற்சி பண்றவங்கள்ல நாலுல மூணு பேருக்கு கிட்ட சுகப்பிரசவம் ஆகுது, தையல் பிரியிற ஆபத்து 200-ல ஒருத்தருக்கு. ரத்தம், ஆபரேஷன் தியேட்டர் எல்லாம் ராத்திரியும் தயாரா இருக்குற இடத்துலதான் அதைப் பண்ணணும். அது 36 வாரத்துல பேசிக்கலாம், இப்ப அவசரம் இல்ல.

டாக்டர்ட்ட எப்படி கேக்குறதுன்னு தயங்குவீங்க, "ஃபோன்ல பாத்தேன்"னு ஆரம்பிச்சா எங்க ஆளுங்களுக்கு சுர்ருனு வரும், எனக்கும் வரும். ஃபைலை மேசையில வச்சிட்டு, "மேடம், போன தடவை வலி வரல, பிரஷருக்காக எடுத்தாங்க, இந்த சம்மரியைப் பாருங்க. எனக்கு ஊசி வேணுமா, ஆஸ்பிரின் வேணுமா"ன்னு கேளுங்க. முக்கால்வாசிப் பேர் அந்தக் காகிதத்தைப் பாத்ததுமே மருந்துச் சீட்டை மாத்தி எழுதிடுவாங்க. எழுதலன்னா காரணம் கேளுங்க, அதுக்கு உங்களுக்கு உரிமை உண்டு.

வீட்டுக்காரர்ட்ட சொல்லி, கையில கட்டுற டிஜிட்டல் பிரஷர் மிஷின் ஒண்ணு வாங்க ஏற்பாடு பண்ணுங்க, வாட்ச் மாதிரி மணிக்கட்டுல கட்டுறது வேண்டாம். 20 வாரத்துக்கு மேல வாரத்துல ரெண்டு மூணு நாள், அஞ்சு நிமிஷம் சும்மா உக்காந்துட்டு பாத்து நோட்ல எழுதுங்க. 140-க்கு 90 தொட்டா அன்னைக்கே டாக்டர், 160-க்கு 110 தொட்டா அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி. பிரஷர் மிஷின் என்ன காட்டினாலும் சரி, தாங்க முடியாத தலைவலி, கண்ணு மங்குறது, மேல்வயித்துல வலி, திடீர்னு முகம் வீங்குறது, பிள்ளை அசைவு குறையிறது இதுல எது வந்தாலும் விடியட்டும்னு காத்திருக்காதீங்க, 108-க்கு அடிச்சு ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜோ உங்களுக்கு கிட்ட இருக்குற பெரிய ஆஸ்பத்திரியோ போயிடுங்க. அங்க மெக்னீசியம் சல்பேட் ஊசி போடணும்னா மறுக்காதீங்க, இடுப்புல எரியும், உடம்பெல்லாம் சூடேறும், ஆனா 2002-ல 33 நாட்டுல பத்தாயிரம் பேர்ட்ட சோதிச்சு, இந்த நோய் முத்தி வலிப்பு வர்றதை பாதிக்கு மேல குறைக்குதுன்னு காட்டின மருந்து அது.

அம்மா வீட்டுலருந்து அந்த ஃபைல் வந்ததும் திரும்ப அலமாரில வச்சிடாதீங்க. தாய் சேய் அட்டையோட சேத்து, ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டு போற பையிலயே பிரசவம் வரைக்கும் கிடக்கட்டும்.